தோட்டத்துப் பெருக்கல்குறிச் சிலந்தி: பார்க்கவும் படமெடுக்கவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் அழகாபுரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், கொஞ்சம் மண்ணும் நாலு செடியும் இருக்கிற வீட்டில் மழைக்காலத்தில் இந்தச் சிலந்தி வந்து உட்கார்ந்துவிடும். மஞ்சளும் வெள்ளையும் பழுப்பும் கோடு போட்ட முதுகு, வலையின் நடுவே வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. படம் எடுத்து அனுப்பி, இது என்ன, கடிக்குமா, இன்னும் நன்றாக எடுக்க என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் பலர். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

இது என்ன சிலந்தி?

ஆர்ஜியோப் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. வட்ட வலை பின்னும் அரனெயிடே குடும்பம். வலையில் கையெழுத்துப் போட்டதுபோல் கோடு இருப்பதால் ‘கையெழுத்துச் சிலந்தி’ என்றும் சொல்கிறார்கள். நம் பக்கம் பொதுவாகக் கண்ணில் படுவது ஆர்ஜியோப் அனசுஜா, ஆர்ஜியோப் புல்செல்லா ஆகிய இரண்டும். இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டுத் தாமர்லான் தோரெல். புல்செல்லாவுக்கு 1881-லும் அனசுஜாவுக்கு 1887-லும் வைத்தார்.

வலை நடுவில் நீங்கள் பார்ப்பது பெண். உடல் மட்டும் ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். காலை நீட்டி உட்கார்வதால் பெரிதாகத் தெரிகிறது.

விஷம் உண்டா? குழந்தைகள் விளையாடுகிற இடம்.

எல்லாச் சிலந்திக்கும் இருப்பதுபோல் இதற்கும் பூச்சியைச் செயலிழக்க வைக்கும் விஷம் உண்டு. மனிதருக்கு ஆபத்து இல்லை. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கலாம், தேனீ கொட்டியதுபோல் கொஞ்ச நேரம் வலிக்கும், அவ்வளவுதான். தானாக வந்து கடிக்கிற வழக்கமே இதற்குக் கிடையாது. பக்கத்தில் போனால் வலையை ஆட்டும், இன்னும் நெருங்கினால் நூலைப் பிடித்துக்கொண்டு கீழே செடிக்குள் விழுந்து ஒளியும். குழந்தைகளிடம் ‘தொடாதே, பார்’ என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

எட்டுக்கால் பூச்சி சிறுநீர் பட்டால் கொப்புளம் வருமாமே?

வராது. அப்படிச் சொல்லப்படும் கொப்புளங்களில் பெரும்பாலானவை வேறு காரணத்தால் வருகின்றன. ஒரு பக்கமாகப் பட்டையாகக் கொப்புளித்து எரிந்தால் அது அக்கியாக இருக்கலாம். அது அம்மை வைரஸ் மறுபடி தலைதூக்குவதால் வருவது. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் பேடெரஸ் என்ற சின்ன வண்டைத் தோலில் வைத்துத் தேய்த்துவிட்டாலும் காலையில் கோடு போட்டதுபோல் வெந்துபோயிருக்கும். இரண்டுக்கும் சிலந்தி பொறுப்பல்ல. கொப்புளம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள், செடியில் இருப்பதை அடித்துக் கொல்ல வேண்டாம்.

எப்போது, எங்கே தேடுவது?

ஆடி, ஆவணி மழைக்குப் பிறகு குட்டிகள் தென்படும். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாக வளர்ந்த பெண்களைப் பார்க்கலாம். கோடையில் தேடி அலுத்துப்போக வேண்டாம்.

முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை பாருங்கள். செம்பருத்தி வேலி, நந்தியாவட்டை, கற்றாழை, எலுமிச்சைக் கிளைகளுக்கு நடுவே, சுவருக்கும் செடிக்கும் இடையில் இருக்கும் சந்து. பொடக்காலியில் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் கவனிக்காமல் விட்ட புதர் இருந்தால் முதலில் அங்கே போங்கள். வெட்டி ஒழுங்குபடுத்திய புல்தரையில் இது வராது, நூல் கட்டப் பிடிமானம் வேண்டும். தேடும்போது சூரியனைப் பார்த்தபடி நடங்கள். எதிர்வெளிச்சத்தில் நூல் மின்னும்; வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நடந்தால் முகத்தில் ஒட்டிய பிறகுதான் வலை இருந்ததே தெரியும்.

நடுவில் அந்த வெள்ளைப் பெருக்கல் குறி எதற்கு?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான், ஏனென்றால் நூறு வருடத்துக்கும் மேலாக விவாதிக்கப்படும் கேள்வி இது.

முதலில் கிட்டே போய்ப் பாருங்கள். அது வெறும் கோடு அல்ல. பல நுண்ணிய இழைகளை ஒரே பட்டையாக விட்டு, இரண்டு ஆரக்கால் நூல்களுக்கு இடையே வளைத்து வளைத்துத் தைத்திருக்கும். சிலந்தி தன் எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு திசையில் நீட்டி, அந்தப் பட்டைகளின் நேர்கோட்டில் வைத்துக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் கால் எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

முன்பு இது வலையைக் கெட்டிப்படுத்துவதற்காக என்று நினைத்தார்கள். பட்டை வலையோடு தளர்வாகவே ஒட்டியிருப்பதால் அந்த விளக்கம் நிற்கவில்லை. இன்று பேசப்படுபவை மூன்று. ஒன்று, இந்தப் பட்டை புறஊதாக் கதிரைப் பிரதிபலிக்கிறது. பூவைத் தேடி வரும் பூச்சிகளின் கண்ணுக்கு அந்த ஒளி தெரியும் என்பதால் இது தூண்டில். இரண்டு, பறவைகளுக்கு ‘இங்கே வலை இருக்கிறது, மோதாதே’ என்ற அறிவிப்பு. 1983-ல் தாமஸ் ஐஸ்னர், ஸ்டீபன் நொவிக்கி இருவரும் பட்டை இல்லாத வலைகளில் செயற்கையாகப் பட்டை வைத்துப் பார்த்தபோது, பட்டை வைத்த வலைகள் காலையில் பறவைகளால் கிழிபடாமல் அதிகம் தப்பின. மூன்று, சிலந்தியின் உருவத்தை மறைத்தும் பெரிதாக்கியும் காட்டி எதிரியைக் குழப்புவது. இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் முடிவுகள் மாறுவதால் வாதம் இன்னும் முடியவில்லை.

உங்கள் வீட்டுச் சிலந்தியே இதற்கு நல்ல பாடம். தினமும் ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து வாருங்கள். ஒரு நாள் பெருக்கல் குறியின் நான்கு கையும் முழுதாக இருக்கும், மறுநாள் கீழே இரண்டு மட்டும், சில நாள் ஒன்றுமே இருக்காது. முன்தினம் மழையா, பெரிய இரை கிடைத்ததா என்று பக்கத்தில் குறித்து வைத்தால் அந்தப் படங்களுக்குத் தனி மதிப்பு வந்துவிடும். குட்டியாக இருக்கும்போது சில இனங்கள் பெருக்கல் குறிக்குப் பதில் வட்டமாகத் தட்டுப் போல் பின்னும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

ஏன் எப்போதும் தலைகீழாகவே உட்கார்ந்திருக்கிறது?

கீழ்நோக்கி ஓடுவது அதற்கு வேகம். வலையின் கீழ்ப்பாதி மேல்பாதியை விடப் பெரிதாக இருப்பதும் இதனால்தான்.

நேற்று இருந்த வலை காலையில் காணோம். யாராவது அறுத்துவிட்டார்களா?

அதுவே தின்றிருக்கும். ஒட்டும் நூலில் உள்ள பசை தூசி படிந்து, காய்ந்து பலம் குறைந்துவிடும். அதனால் பழைய சுருள் நூலைச் சுருட்டி விழுங்கிவிட்டு, அந்தப் புரதத்தையே மறுபடி நூலாக்கிப் புதிதாகப் பின்னுகிறது. பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் இந்த வேலை நடக்கும். ஆரக்கால் நூல்களில் பசை இல்லை, சுற்றி வரும் சுருளில் மட்டும்தான் பசை. விடியற்காலம் எழுந்து, சிவப்பு வெளிச்சம் வரும் டார்ச்சோடு ஒரு முறை இதைப் பாருங்கள். பின்னங்கால் ஒன்றால் நூலை இழுத்து, ஆரக்காலைத் தொட்டு ஒட்டி, அடுத்ததற்கு நகர்ந்து, மறுபடி இழுத்து ஒட்டி, இடைவெளி ஒரே அளவாக வந்துகொண்டே இருக்கும்.

இரை பிடிப்பதைப் பார்க்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். காலை வெயில் ஏறிப் பூச்சிகள் பறக்கத் தொடங்கும் நேரம் நல்லது.

இதற்கு எட்டுக் கண் இருந்தாலும் பார்வை அவ்வளவு நன்றாக இல்லை. எல்லாம் கால் வழியாக வரும் அதிர்வுதான். ஈயோ வெட்டுக்கிளியோ மாட்டினால் ஒரு நொடி அசையாமல் இருக்கும். சில சமயம் ஆரக்கால் நூல்களை வெடுக்கென்று இழுத்துப் பார்க்கும். பிறகு ஓடிப் போய் முதலில் கடிக்காது. பின்புறத்தை இரைப் பக்கம் திருப்பி, பின்னங்கால்களால் வெள்ளைப் பட்டை நூலை வாரி வாரி வீசிச் சுற்றிக் கட்டும். பூச்சி உருண்டு பொட்டலமான பிறகுதான் கடி. கொட்டக்கூடிய, உதைக்கக்கூடிய இரையிடமிருந்து பத்திரமாக இருக்க இது வழி. பட்டாம்பூச்சியோ அந்துப்பூச்சியோ என்றால் வரிசை மாறும். செதில் உதிர்ந்து வழுக்கித் தப்பிவிடும் என்பதால் முதலில் கடித்துப் பிடித்துக்கொண்டு பிறகு சுற்றும். இந்த வேறுபாட்டை வீடியோவில் பிடிக்க முடிந்தால் அருமை. மொபைலில் ஸ்லோமோஷன் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பூச்சியைப் பிடித்து வலையில் போடலாமா?

வேண்டாம். படத்துக்காக உயிரைத் தூக்கிப் போடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். தானாக நடப்பதற்குக் காத்திருங்கள்.

அதே வலையில் குட்டி குட்டியாக வேறு சிலந்திகளும் இருக்கின்றனவே, குஞ்சுகளா?

இல்லை. இரண்டு வகையாக இருக்கலாம். வலையின் ஓரத்தில் மேல்பக்கம் மெலிந்து, பழுப்பாக, வண்ணமில்லாமல் நாலு மில்லிமீட்டர் சுமாருக்கு ஒன்று இருந்தால் அது ஆண். பெண் வளர்ந்து முடிக்கும் தறுவாயில் வந்து காத்திருக்கும். இரண்டு மூன்று கூட இருக்கும். வலை ஓரத்தில் தனியாக ஒரு நூல் கட்டி, அதை மீட்டி அதிரவைத்துப் பெண்ணை அழைக்கும். இணை சேர்ந்த பிறகு பல ஆண்கள் பெண்ணுக்கே இரையாகிவிடுகின்றன.

வெள்ளி முலாம் பூசிய துளி போல் மின்னுகிற, கூம்பு வயிறுள்ள மிகச் சிறியது இருந்தால் அது ஆர்ஜிரோடெஸ், பனித்துளிச் சிலந்தி. சொந்தமாக வலை கட்டிப் பிழைக்காமல், பெரிய சிலந்தியின் வலையில் மாட்டும் சின்னப் பூச்சிகளைத் திருடித் தின்னும். பலர் இதைப் பனித்துளி என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். வெயில் ஏறிய பிறகும் காயாத துளி இருந்தால் உற்றுப் பாருங்கள்.

மொபைலில் எடுத்தால் பின்னால் உள்ள சுவர்தான் தெளிவாக வருகிறது. என்ன செய்வது?

எல்லோருக்கும் வரும் தொல்லை. வலை மெல்லியது, அதனால் கேமரா அதைத் தாண்டிப் போய்ப் பின்னணியைப் பிடித்துக்கொள்கிறது. வழி இதுதான்: சிலந்தி இருக்கும் அதே தூரத்தில், வலைக்குப் பக்கவாட்டில், உங்கள் விரலையோ ஒரு இலையையோ காட்டுங்கள். திரையில் அதை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை எடுத்துவிட்டுச் சிலந்தியை நடுவில் கொண்டுவந்து, மொபைலை முன்னும் பின்னும் ஒரு விரற்கடை நகர்த்தி எடுங்கள். ஒன்றுக்குப் பத்தாக எடுத்தால் ஒன்று நன்றாக வரும்.

வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்குங்கள். நிழலான செடியைப் பார்த்ததும் மொபைல் படத்தை வெளுக்கவைத்துவிடும், அப்போது முதுகின் மஞ்சளும் தலைப்பகுதியில் உள்ள வெள்ளி ரோமமும் எரிந்துபோகும். இரண்டு மடங்கு லென்ஸ் தனியாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கொஞ்சம் தள்ளி நின்றே எடுக்கலாம், சிலந்தியும் மிரளாது. திரையில் விரலை விரித்துப் பெரிதாக்குவதில் பயனில்லை. லென்ஸைத் துடைத்துக்கொள்ள மறக்காதீர்கள்.

நேரம் காலை ஏழிலிருந்து எட்டரை வரை. சேலத்தில் அதற்கு மேல் வெயில் கொட்டும், காற்றும் கிளம்பிவிடும். காற்றில் வலை பாய்மரம் போல் உப்பி அமுங்கும்போது எடுக்க முயலாமல், ஓய்கிற அந்த இரண்டு நொடிக்குக் காத்திருங்கள். முட்டியோ பையோ செடியில் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஒரு கிளை அசைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

பின்னணி இடைஞ்சலாக இருந்தால் யாரையாவது ஒரு கறுப்புக் குடையைப் பின்னால் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். வலை பளிச்சென்று எழும்பும்.

கேமராவில் என்ன அமைப்பு வைப்பது?

90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நிம்மதி. எஃப் 8 முதல் எஃப் 11 வரை, ஷட்டர் வேகம் 1/250 அல்லது அதற்கு மேல், ஐஎஸ்ஓ தேவைக்கு ஏற்ப. இந்தச் சிலந்தி வலையோடு தட்டையாகப் படிந்து உட்கார்வது நமக்குக் கிடைத்த வசதி: கேமராவை வலைக்கு இணையாகப் பிடித்தால் எட்டுக் காலும் முதுகும் ஒரே ஃபோகஸில் வந்துவிடும். கொஞ்சம் சாய்த்தாலும் கால் நுனி மங்கும்.

முதுகுப் பக்கத்தோடு நிறுத்தாமல் மறுபக்கமும் போங்கள். வயிற்றின் அடிப்பகுதி கருமையாக, நீளவாக்கில் இரண்டு வெளிர்க் கோட்டோடு இருக்கும். நூல் வெளிவரும் நூற்புறுப்புகளும் அங்கேதான். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் மூன்றாவது ஜோடிக் கால் மற்றவற்றை விட எவ்வளவு குட்டை என்று தெரியும்.

ஃப்ளாஷ் போட்டால் முன்னால் டிரேசிங் பேப்பரோ மெல்லிய வெள்ளைப் பேக்கிங் ஃபோமோ கட்டுங்கள். பளபளப்பான உடம்பில் நேரடி ஃப்ளாஷ் வெள்ளைத் திட்டாக விழும். சிலந்தி வலையை ஆட்டத் தொடங்கினால் அது உங்களைப் போகச் சொல்கிறது, நிறுத்திவிடுங்கள்.

பனித்துளி போலத் தெரிய வலையில் தண்ணீர் தெளிக்கலாமா? மாவு தூவினால் வலை நன்றாகத் தெரியுமாமே?

மாவு கூடவே கூடாது. பசையெல்லாம் மாவில் மூடிப்போய் வலை வீணாகும், அதைத் திரும்பத் தின்று புரதத்தை மீட்கவும் முடியாது. தண்ணீரும் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பசைத் துளிகளே தண்ணீரில் கரையும் பொருளால் ஆனவை. பனித்துளி வேண்டுமென்றால் மார்கழியில் அதிகாலை ஏற்காட்டுக்குப் போங்கள், மூடுபனியே முத்து கோத்து வைத்திருக்கும்.

ஏற்காட்டில் கையளவு பெரிய சிலந்தி, மஞ்சள் வலையோடு பார்த்தோம். அதுவும் இதே வகையா?

வேறு. அது நெஃபிலா பிலிபெஸ், பெரிய காட்டுச் சிலந்தி. பெண்ணின் உடல் மட்டுமே 5 சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் அதன் காலளவுகூட இராது. நூல் உண்மையிலேயே பொன் நிறம், வெயில் பட்டால் தெரியும். பெருக்கல் குறி கிடையாது. மனிதருக்கு இதுவும் ஆபத்தில்லாதது.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரம். சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி, மரத்தில் மிளகுக் கொடி. இரண்டு மரத்துக்கு நடுவே தலைக்கு மேலே இந்த வலை குறுக்கே கட்டியிருக்கும். ஆர்ஜியோப் அதே தோட்டத்தில் கீழே, செடி உயரத்தில். வயிற்றில் முள் முளைத்ததுபோல் இருக்கும் காஸ்டெராகாந்தாவும் ஓரங்களில் உண்டு. ஒரு சின்ன அறிவுரை: எஸ்டேட்டுகள் தனியார் நிலம், அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் வேலை செய்பவர்களுக்கு இடைஞ்சலாக நிற்காதீர்கள். சேர்வராயன் மலையில் காட்டெருமை உண்டு, விடியற்காலையில் தனியாகப் புதருக்குள் குனிந்து நிற்பது நல்லதல்ல.

இருந்த சிலந்தி திடீரென்று மறைந்துவிட்டது. எங்கே போயிருக்கும்?

இரை போதவில்லை என்றால் இடம் மாறும். சுற்றிப் பத்தடிக்குள் தேடுங்கள். பறவையோ ஓணானோ பிடித்திருக்கலாம். குளவியும் பெரிய எதிரி. சுவரில் மண் கூடு கட்டும் குளவிகளில் சில சிலந்திகளைக் கொட்டி, சாகாமல் செயலற்றுப் போகச் செய்து, கூட்டுக்குள் அடுக்கி, மேலே முட்டையிட்டு மூடிவிடும். புழு அதைத் தின்று வளரும். சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய ஸ்கெலிஃப்ரான் மத்ராஸ்பத்தானம் அப்படிப்பட்ட ஒரு குளவிதான்.

தோட்டத்துக்கு நன்மை உண்டா? கொசு குறையுமா?

வெட்டுக்கிளி, ஈ, தத்துப்பூச்சி போன்றவற்றைப் பிடிக்கும். தேனீயும் மாட்டும், அதையும் சொல்லத்தான் வேண்டும். கொசுவுக்காக இதை நம்பியிருக்காதீர்கள், தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். பூச்சிமருந்து அடித்தால் முதலில் போவது சிலந்திதான்.

வீட்டில் சிலந்தி வலை இருப்பது ஆகாது என்கிறார் மாமியார்.

அவர் சொல்வது உத்தரத்தில் தொங்கும் ஒட்டடையை. அதை ஒட்டடைக்கோலால் தட்டிக்கொள்ளட்டும். செடியில் இருப்பது வேறு. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி பந்தல் பின்னியதையும், அதுவே கோச்செங்கட் சோழனாகப் பிறந்து மாடக்கோயில்கள் கட்டியதையும் அவருக்கு நினைவுபடுத்துங்கள். இந்தக் கதை எத்தனையோ வீட்டில் வேலை செய்திருக்கிறது.

நடைபாதையில் வலை இருக்கிறது, என்ன செய்ய?

மாலையில் ஒரு டம்ளரால் சிலந்தியை மூடி, அட்டையை மெதுவாகச் செருகி, பத்துப் பதினைந்தடி தள்ளிப் புதரில் விடுங்கள். இரவுக்குள் புதிய வலை பின்னிக்கொள்ளும்.

பெயரை எங்கே உறுதி செய்யலாம்?

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற இணையதளங்கள் இரண்டிலும் படத்தைப் பதியலாம். முதுகு, அடிவயிறு, முழு வலை மூன்றையும் போடுங்கள். தேதியும் ஊரும் கட்டாயம். வீட்டு முகவரி துல்லியமாகத் தெரியாதபடி இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அனசுஜாவா புல்செல்லாவா என்று சில படங்களில் முடிவு சொல்ல இயலாது. பெண்ணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். ‘ஆர்ஜியோப்’ என்ற அளவில் நின்றாலும் அந்தப் பதிவு பயனுள்ளதே.

வலைக்குப் பக்கத்தில் காகிதப் பை போல ஒன்று தொங்குகிறது. போகிக்குச் சுத்தம் செய்கிறோம், எடுத்துவிடலாமா?

அது முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கணக்கான முட்டை இருக்கும். தாய் அதைக் கட்டி முடித்த பிறகு அதிக நாள் இருக்காது. குஞ்சுகள் உள்ளேயே பொரிந்து, ஒரு முறை தோலுரித்த பிறகுதான் வெளியே வரும். வெளிவந்ததும் கொஞ்ச நாள் கொத்தாக இருந்துவிட்டு, செடி நுனிக்கு ஏறி நூல் விட்டுக் காற்றில் பறந்து போகும்.

அதனால் எரிக்கிற குவியலில் போட்டுவிடாதீர்கள். கிளையைக் கட்டாயம் வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பையோடு சேர்த்து நறுக்கி, மழை நேரடியாகப் படாத வேறு வேலியில் அதே உயரத்தில் நூலால் கட்டிவிடுங்கள். குஞ்சுகளைப் படமெடுக்க ஆசைப்பட்டால் மொபைலுக்கு ஒரு கிளிப் மேக்ரோ லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும்.